ஐந்து நாள் காத்திருந்த மெயில்

சித்தி வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு பழைய டெஸ்க்டாப். அதில் டெபியன் லினக்ஸ் 12. இரண்டு ஹார்ட்டிஸ்க்குகள், ஒன்றில் இருப்பதெல்லாம் மற்றதிலும் இருக்கும். இருபது வருடக் குடும்பப் படங்கள், பிள்ளைகளின் மார்க் ஷீட், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் எல்லாம் அங்கேதான். சித்தியின் அக்கா மகன் லீவுக்கு வந்தபோது அமைத்துக் கொடுத்துவிட்டுப் போனது. டிஸ்க்குக்கு ஏதாவது வந்தால் சித்தியின் ஜிமெயிலுக்கு எச்சரிக்கை போகும் என்பதுதான் ஏற்பாடு.

ஏற்பாடு ஓரளவு நடந்தது. டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும் ஸ்மார்ட்டி என்ற நிரல், ஒரு டிஸ்க்கில் படிக்க முடியாத இடங்கள் வந்துவிட்டதைக் கவனித்து உடனே மெயில் எழுதியது. அந்த மெயில் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. ஐந்து நாள் க்யூவில் கிடந்து, ‘சேர்க்க முடியவில்லை’ என்ற குறிப்போடு அதே கம்ப்யூட்டரில் ரூட் பயனருக்கான பெட்டியில் வந்து விழுந்தது. அந்தப் பெட்டியை யாரும் திறப்பதில்லை. வேறு வேலையாக டெர்மினலில் ரூட்டாக நுழைந்த சித்தியின் கண்ணில், புது மெயில் வந்திருப்பதாகச் சொல்லும் ஒற்றை வரி பட்டதால்தான் விஷயம் தெரிந்தது.

இது ஒரு வீட்டின் கதை மட்டுமல்ல. ராஸ்பெரி பை வைத்திருப்பவர்கள், அலமாரிக்குள் சின்ன சர்வர் ஓட்டுபவர்கள் எனப் பலருக்கும் இதே அனுபவம் உண்டு. கம்ப்யூட்டர் தன் கடமையைச் செய்து எழுதுகிறது. எழுதியது போய்ச் சேருவதில்லை.

“முதல்ல போட்டோவை எல்லாம் இன்னொரு டிஸ்க்ல காப்பி பண்ணிடுங்க சித்தி. மெயில் எங்கேயும் ஓடிப்போகாது, அப்புறம் பார்க்கலாம்” என்றான் அக்கா மகன் போனில். சரியான வரிசை அதுதான். காப்பி ஓடி முடிய இரவு பத்தாகிவிட்டது. அதன் பிறகுதான் மெயிலைத் தேட உட்கார்ந்தார்கள்.

தேடுமுன் ஒன்றைத் தெரிந்துகொண்டால் பாதிப் பதற்றம் போய்விடும். மெயில் சர்வர் கடிதத்தைச் சத்தமில்லாமல் தொலைப்பதில்லை. ஜான் போஸ்டல் 1982 ஆகஸ்டில் எழுதிய எஸ்எம்டிபி நெறிமுறையின் உயிரே இதில்தான் இருக்கிறது. ஒரு சர்வர் கடிதத்தை வாங்கிக்கொண்டு ‘250’ என்று பதில் சொல்லிவிட்டால், அந்தக் கணத்திலிருந்து பொறுப்பு அதனுடையது. கொண்டு சேர்க்க வேண்டும், அல்லது சேர்க்க முடியவில்லை என்று அனுப்பியவருக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். மூன்றிலக்கப் பதிலின் முதல் எண் 4 என்றால் ‘இப்போது முடியாது, பிறகு வா’. 5 என்றால் ‘முடியாது, திரும்ப வராதே’. ஆகவே கடிதம் எங்கே நின்றாலும் அந்த இடத்தில் யாரோ ஒருவர் காரணத்தை எழுதி வைத்திருப்பார். எழுதியது யார், வீட்டு சர்வரா எதிர் சர்வரா என்று கண்டுபிடிப்பதுதான் பிழை தேடுபவரின் முதல் வேலை. அமைப்புக் கோப்பைத் திறந்து கைக்கு வந்ததை மாற்றிப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். சர்வர் சொன்னதைப் படிக்காமலேயே மருந்து கொடுக்கிறார்கள்.

சித்தி வீட்டில் ஓடிய மெயில் சர்வர் போஸ்ட்ஃபிக்ஸ். வீட்ஸே வெனேமா ஐபிஎம் ஆய்வகத்தில் இருந்தபோது எழுதி 1998 கடைசியில் வெளியிட்ட நிரல். அதன் லாக் தெளிவாகப் பேசும் என்று நல்ல பெயர் உண்டு. ஆனால் லாக் இருக்க வேண்டிய இடத்தில் கோப்பே இல்லை. பழைய வழிகாட்டிகள் எல்லாம் காட்டும் ‘மெயில் டாட் லாக்’ டெபியன் 12-இல் தானாக உருவாவதில்லை, ஏனென்றால் அதை எழுதும் ஆர்சிஸ்லாக் இப்போது இயல்பாக நிறுவப்படுவதில்லை. ஜர்னல்சிடிஎல் கட்டளையிடம்தான் கேட்க வேண்டும்.

“கடைசியில ஸ்டேட்டஸ்னு போட்டு ஒரு வரி வரும். அதை மட்டும் படிங்க.”

“ஸ்டேட்டஸ் ஈக்வல்ஸ் டெஃபர்டு... அடைப்புக்குள்ள, கனெக்ட் டு ஜிமெயில்... கோலன் இருபத்தஞ்சு... கனெக்‌ஷன் டைம்ட் அவுட்.”

“போதும் சித்தி. வீட்டு மேல தப்பில்லை.”

அவன் அவ்வளவு உறுதியாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. வெளியே போகும் மெயில் மூன்று வாசல்களைக் கடக்கிறது. முதலில் எதிர் சர்வர் எங்கே இருக்கிறது என்று டிஎன்எஸ்ஸிடம் கேட்க வேண்டும். அடுத்து அந்த முகவரிக்கு இணைப்புப் போட வேண்டும். பிறகுதான் எஸ்எம்டிபி பேச்சு. ஒவ்வொரு வாசலிலும் தோல்வியின் சொற்கள் வேறு. பெயரே கிடைக்கவில்லை என்றால் ‘நேம் சர்வீஸ் எரர்’ என்று வரும். கதவைத் தட்டியபோது ‘இங்கே யாரும் இல்லை’ என்று பதில் வந்தால் அது ‘ரெஃப்யூஸ்டு’. தட்டிக்கொண்டே இருக்க, பதில் எதுவுமே வராவிட்டால் ‘டைம்ட் அவுட்’. இந்தக் கடைசி வகை, வழியில் யாரோ பாக்கெட்டுகளைப் பேசாமல் கீழே போட்டுவிடுகிறார்கள் என்பதற்கு வலுவான அடையாளம். ஜிமெயிலின் 25-ஆம் போர்ட் தட்டினால் திறக்காமல் இருக்காது. வீட்டில் ஃபயர்வால் எதுவும் போடவில்லை. மிச்சம் இருப்பது வீட்டுக்கு இணைப்புத் தரும் நிறுவனம்தான்.

சோதிப்பது எளிது. டெல்நெட் கட்டளையால் இரண்டு மூன்று பெரிய மெயில் சர்வர்களின் 25-ஆம் போர்ட்டைத் தட்டிப் பார்ப்பது. பிறகு ஏதாவது ஒரு மெயில் சேவையின் 587-ஆம் போர்ட்டைத் தட்டிப் பார்ப்பது. சித்தி வீட்டில் முதல் வகை எல்லாமே மௌனம். 587 மட்டும் உடனே ‘220’ என்று வரவேற்றது.

டைம் அவுட் என்றதும் மெயில் நிர்வாகிகள் பலருக்கு நினைவுக்கு வருவது ட்ரே ஹாரிஸ் 2002-இல் எழுதிய ஓர் அனுபவம். 1990-களின் நடுவில் அவர் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தின் மெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். புள்ளியியல் துறைத் தலைவர் போன் செய்து, 500 மைலுக்கு அப்பால் மெயில் போக மறுக்கிறது என்றார். மெயிலுக்கு மைல் கணக்கு கிடையாதே என்று ஹாரிஸ் நினைத்தார். சோதித்துப் பார்த்தால் துறைத் தலைவர் சொன்னது உண்மை! பக்கத்து ஊர்களுக்குப் போயிற்று, தொலைவான ஊர்களுக்குப் போகவில்லை. யாரோ ஒருவர் அந்தக் கம்ப்யூட்டரின் இயங்குதளத்தைப் புதுப்பித்திருந்தார். அதனால் சென்ட்மெயில் என்ற மெயில் சர்வர் நிரலின் 8-ஆம் பதிப்பு போய்ப் பழைய 5-ஆம் பதிப்பு வந்து உட்கார்ந்திருந்தது. அமைப்புக் கோப்பு மட்டும் 8-ஆம் பதிப்புக்கு எழுதியது. புரியாத வரிகளைப் பழைய பதிப்பு தாண்டிப் போனதால், எதிர் சர்வருக்காகக் காத்திருக்கும் நேரம் பூஜ்யமாகிவிட்டது. அந்தக் கம்ப்யூட்டரின் வேகத்தில் பூஜ்யம் என்பது நடைமுறையில் 3 மில்லிசெகண்டுக்குச் சற்று அதிகம். அந்த நேரத்தில் ஒளி போகக்கூடிய தூரம் ஏறக்குறைய 558 மைல்.

இதில் போற்ற வேண்டியவர் துறைத் தலைவர். போன் செய்வதற்கு முன்பே சில நாள் தகவல் சேகரித்து, எந்த ஊருக்குப் போகிறது, எதற்குப் போகவில்லை என்று கணக்கெடுத்து வைத்திருந்தார். ‘மெயில் வேலை செய்யவில்லை’ என்று மட்டும் அவர் சொல்லியிருந்தால் ஹாரிஸுக்கு எத்தனை நாள் பிடித்திருக்குமோ.

சித்தி வீட்டுக்குத் திரும்புவோம். இணைப்பு நிறுவனம் 25-ஆம் போர்ட்டை ஏன் மூடியது? 2000-களின் தொடக்கத்தில் வைரஸ் புகுந்த வீட்டுக் கம்ப்யூட்டர்கள், உரிமையாளருக்கே தெரியாமல், இரவு பகலாக ஸ்பாம் அனுப்பின. வீட்டு இணைப்பிலிருந்து நேராக 25-க்குப் போவதை மூடிவிட்டால் அந்த வெள்ளத்தின் பெரும்பகுதி நின்றுவிடும் என்பதால், பல நாடுகளின் இணைய நிறுவனங்கள் அதைச் செய்தன. ஜப்பானில் இந்த ஏற்பாட்டுக்கு ‘ஓபி25பி’ என்று ஒரு பெயரே உண்டு. பிரேசிலில் ஒழுங்குமுறை ஆணையமும் நிறுவனங்களும் ஒப்பந்தம் போட்டு இதையே செய்தன. கிளவுட் சேவைகளும் விலக்கல்ல. கூகிள் கிளவுட்டில் வாடகைக்கு எடுக்கும் கம்ப்யூட்டரிலிருந்து வெளியே 25-க்குப் பொதுவாகப் போக முடியாது. ஒரு சிலரின் தவறுக்காக, சொந்த வீட்டிலிருந்து சொந்தக் கையால் கடிதம் அனுப்பும் உரிமை எல்லோரிடமிருந்தும் போயிற்று என்பது வருத்தம்தான். இணையம் அப்படிக் கட்டப்படவில்லை. ஆனால் மூடியதற்கான காரணமும் பொய்யில்லை.

25 திறந்திருந்தாலும் சித்தியின் கடிதம் அடுத்த வாசலில் நின்றிருக்கும். ஸ்பாம்ஹவுஸ் அமைப்பின் பிபிஎல் பட்டியலில் உலகெங்கும் உள்ள வீட்டு இணைப்புகளின் ஐபி முகவரிகள் இருக்கின்றன. குற்றம் செய்ததற்காக அல்ல. ‘இந்த முகவரியிலிருந்து நேரடியாக மெயில் வரக் கூடாது’ என்று இணைய நிறுவனங்களே பல நேரம் பதிவு செய்கின்றன. ஜிமெயில் அத்தகைய இணைப்புகளுக்கு 550 5.7.1 என்று பதில் சொல்லி, உங்கள் சேவை நிறுவனத்தின் ரிலே வழியாக வாருங்கள் என்கிறது. ஐபி எண்ணிலிருந்து பெயரைச் சொல்லும் பிடிஆர் பதிவு வீட்டுக்காரர் கையில் இருப்பதில்லை. ஐபிவி6 வழியாகப் போனால் அந்தப் பதிவு இல்லை என்பதற்காகவே ஜிமெயில் தள்ளிவிடும். இப்போதெல்லாம் பல வீடுகளுக்குத் தனி ஐபியே கிடையாது; நிறுவனம் ஒரே ஐபியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது. பக்கத்துத் தெருவில் ஒரு கம்ப்யூட்டர் செய்த தப்பு இந்த வீட்டின் கணக்கில் ஏறும். நேராக அனுப்பியே தீர வேண்டும் என்பவர்கள் பிடிஆர் கொடுக்கும் ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து, எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் அமைத்து, பொறுமையாக நற்பெயர் சேர்க்கலாம். அது நல்ல முயற்சி. சாகப்போகும் டிஸ்க்கைப் பற்றிச் சொல்ல அவ்வளவு தேவையில்லை. ரிலே போதும்.

ரிலே என்றால், வீட்டு சர்வர் தன் கடிதத்தை ஏற்கெனவே கணக்கு உள்ள ஒரு மெயில் சேவையிடம், பெயரும் பாஸ்வேர்டும் சொல்லி ஒப்படைப்பது. அதற்கான வாசல்தான் 587. 1998 டிசம்பரிலேயே இதற்கென ஒதுக்கப்பட்டது. போஸ்ட்ஃபிக்ஸில் ‘ரிலேஹோஸ்ட்’ என்ற வரியில் சேவையின் பெயரைச் சதுர அடைப்புக்குள் போட்டு, பிறகு முக்காற்புள்ளியும் 587-உம் சேர்க்க வேண்டும். சதுர அடைப்பு அழகுக்கு அல்ல. அது இல்லாவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் அந்தப் பெயருக்கு உரிய எம்எக்ஸ் பதிவைத் தேடிக்கொண்டு வேறு இடத்துக்குப் போகப் பார்க்கும்.

சித்தி தன் ஜிமெயிலையே ரிலேயாகப் போட்டார். பெயரையும் பாஸ்வேர்டையும் அதற்கான கோப்பில் எழுதினார். ரீலோட் செய்தார். லாக் இப்போது வேறு சொன்னது: ‘நோ மெக்கானிசம் அவைலபிள்’.

இந்த வரி பலரைத் தவறான பாதைக்கு அழைத்துப் போகிறது. பாஸ்வேர்ட் தப்பு என்று நினைத்துப் பத்து முறை மாற்றுவார்கள். பாஸ்வேர்ட் எதிர் சர்வருக்கு இன்னும் போகவே இல்லை என்பதுதான் உண்மை. யார் சொன்ன சொல் என்று பார்க்க வேண்டும் என்றது இதற்காகத்தான். இதில் மூன்றிலக்க எண் இல்லை. ஆகவே எதிர் சர்வர் சொன்னதல்ல, வீட்டு சர்வரே தனக்குள் சொல்லிக்கொண்டது. பாஸ்வேர்டை எப்படிச் சொல்வது என்று கற்றுத்தரும் லிப்சாஸ்ல் மாட்யூல்கள் டெபியனில் தனிப் பொதி. அது இந்த வீட்டில் நிறுவப்படவில்லை. நிறுவியதும் அந்த வரி மறைந்தது.

அடுத்து வந்தது 535. இதில் எண் இருக்கிறது; இது ஜிமெயில் தன் வாயால் சொன்னது. பெயரோ பாஸ்வேர்டோ ஏற்கப்படவில்லை. “நான் தினமும் போடற பாஸ்வேர்ட்தானேப்பா” என்றார் சித்தி. தினமும் போடுவதுதான் செல்லாது. 2022 மே 30 முதல் ஜிமெயில் தனிக் கணக்குகளின் வழக்கமான பாஸ்வேர்டை இப்படிப்பட்ட நிரல்களிடமிருந்து வாங்குவதை நிறுத்திவிட்டது. இருபடிச் சரிபார்ப்பைப் போட்டு, பிறகு இந்த ஒரு வேலைக்கென்று 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட் எடுக்க வேண்டும். எடுத்தார்கள், கோப்பில் எழுதினார்கள். மறுபடியும் 535.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு லாக்கில் இரண்டு வரி மேலே போய்ப் படித்தால், போஸ்ட்ஃபிக்ஸ் எச்சரித்திருக்கிறது: பாஸ்வேர்ட் கோப்பைவிட அதன் டிபி கோப்பு பழையது என்று. போஸ்ட்ஃபிக்ஸ் நாம் எழுதும் பாஸ்வேர்ட் கோப்பை நேராகப் படிப்பதில்லை. போஸ்ட்மேப் கட்டளை அதிலிருந்து உண்டாக்கும் டிபி கோப்பைத்தான் படிக்கிறது. புதிய பாஸ்வேர்ட் ஒன்றில், பழையது மற்றதில். கட்டளையை ஓட்டியதும் 250 வந்தது. இரவு பதினொன்றே முக்காலுக்குச் சித்தியின் போனில் முதல் மெயில்.

இடையில் ஒரு முறை 587-க்குப் பதிலாக 465-ஆம் போர்ட்டையும் முயன்று பார்த்திருந்தார்கள். அது இன்னொரு வகைத் தோல்வி, தெரிந்துகொள்ளத் தக்கது. 465-இல் முதல் பைட்டிலிருந்தே டிஎல்எஸ் மறைகுறியாக்கம். அங்கே பேச்சைத் தொடங்க வேண்டியது அனுப்புகிறவர். 587-இல் எதிர் சர்வர் முதலில் வணக்கம் சொல்லும்; பிறகுதான் மறைகுறியாக்கம் தொடங்கும். 465-க்குப் போன போஸ்ட்ஃபிக்ஸ் பழக்கப்படி வணக்கத்துக்காகக் காத்திருக்கிறது; எதிர் சர்வரோ இவர் தொடங்கட்டும் என்று காத்திருக்கிறது. ஒருவருக்கொருவர் வழிவிட்டு நின்றுகொண்டே நேரம் முடிகிறது. ‘ராப்பர்மோட்’ என்ற அமைப்பை இயக்கினால் போஸ்ட்ஃபிக்ஸ் முதலில் பேசும். 465 ஒரு காலத்தில் கைவிடப்பட்ட போர்ட். 2018-இல் மீண்டும் முறைப்படி அங்கீகாரம் பெற்றது. பழைய வழிகாட்டிகள் அதை வேண்டாம் என்று சொல்வதும் புதியவை அதையே போடு என்று சொல்வதும் அதனால்தான்.

கையாலேயே சர்வரிடம் பேசிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு தகவல். ஓபன்எஸ்எஸ்எல் நிரலின் வழியாக 587-க்குப் போய் ஒவ்வொரு வரியாகத் தட்டும்போது, பெறுநரைச் சொல்லும் ‘ஆர்சிபிடி’ கட்டளையைப் பெரிய எழுத்தில் தொடங்கினால் இணைப்பு குழம்பும். வரியின் தொடக்கத்தில் பெரிய ‘ஆர்’ வந்தால் அந்த நிரல் அதைத் தனக்கான உத்தரவாக எடுத்துக்கொண்டு, மறைகுறியாக்கத்தைப் புதிதாகப் பேசத் தொடங்கிவிடுகிறது. சிறிய எழுத்தில் அடித்தால் போதும். இதைத் தெரியாமல் எதிர் சர்வர் பெறுநரை மறுக்கிறது என்று முடிவுகட்டியவர்கள் உண்டு. ஸ்வாக்ஸ் என்ற சிறு நிரலைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லையே இல்லை. முழு உரையாடலையும் திரையில் காட்டிவிடும்.

அடுத்த வாரம் கரண்ட் போய் வந்தது. மறுபடியும் மெயில் நின்றது. இந்த முறை முதல் வாசலிலேயே: ‘நேம் சர்வீஸ் எரர்’. பிரவுசர் ஓடுகிறது, பிங் போகிறது, மெயிலுக்கு மட்டும் பெயர் தெரியவில்லை. விளக்கம் டெபியன் 12-இன் ஒரு பாதுகாப்பு ஏற்பாட்டில் இருக்கிறது. அங்கே போஸ்ட்ஃபிக்ஸின் பல பகுதிகள் தனி அடைப்புக்குள், கம்ப்யூட்டரின் மற்ற இடங்கள் கண்ணில் படாமல் ஓடுகின்றன. டிஎன்எஸ் சர்வரின் முகவரி உள்ள ‘ரிசால்வ் டாட் கான்ஃப்’ கோப்பின் நகல் ஒன்று, போஸ்ட்ஃபிக்ஸ் தொடங்கும் நேரத்தில், அந்த அடைப்புக்குள் எடுத்து வைக்கப்படுகிறது. ரூட்டர் விழித்து முகவரி தருவதற்குள் போஸ்ட்ஃபிக்ஸ் தொடங்கிவிட்டால், வெற்றுக் கோப்பின் நகல்தான் உள்ளே இருக்கும். வெளியே கோப்பு பிறகு நிரம்பினாலும் உள்ளே அது தெரியாது. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகும். நெட்வொர்க் தயாரான பிறகே போஸ்ட்ஃபிக்ஸைத் தொடங்கு என்று சிஸ்டம்டியிடம் சொல்லிவைத்தால் நிரந்தரமாகச் சரியாகும். மின்வெட்டு உள்ள ஊர்களில் வீட்டு சர்வர் வைத்திருப்பவர்கள் இதை முதலிலேயே செய்துவிடுவது நல்லது.

தமிழில் எழுதுபவர்களுக்கு மட்டும் வரும் ஒரு சிக்கலும் உண்டு. சித்தி, மெயில் அனுப்பும் தன் ஸ்கிரிப்டில் பொருள் வரியை ‘டிஸ்க்கைக் கவனிக்கவும்’ என்று தமிழிலேயே வைத்தார். அது சரியாக வந்தது. அதே ஸ்கிரிப்ட் வேறொரு சிறிய ரிலே வழியாகப் போயிருந்தால், எஸ்எம்டிபி-யுடிஎஃப்8 வசதி தேவை, எதிர் சர்வரிடம் அது இல்லை என்று திரும்பி வந்திருக்கலாம். காரணம், கட்டளை வழியாக வரும் கடிதத்தின் தலைப்பில் குறியாக்கம் செய்யாத தமிழ் எழுத்து இருந்தால், போஸ்ட்ஃபிக்ஸ் 3.0 முதல் அந்த வசதியை எதிர் சர்வரிடம் எதிர்பார்க்கிறது. ஜிமெயிலிடம் அது 2014 முதல் இருக்கிறது, எல்லோரிடமும் இல்லை. தண்டர்பேர்ட் போன்ற மெயில் நிரல்கள் தலைப்பை ஆஸ்கி எழுத்துகளாகக் குறியாக்கி அனுப்புவதால் அங்கே இந்தத் தொல்லை எழுவதில்லை. ஸ்கிரிப்டிலும் பைதான் மொழியின் மெயில் நூலகத்தைக் கொண்டு அதையே செய்யலாம். தமிழை விட்டுவிட வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

கெட்ட டிஸ்க்கை மாற்றியாயிற்று. அக்கா மகன் கடைசியாக இரண்டு காரியம் செய்யச் சொன்னான். ஸ்மார்ட்டியின் அமைப்பில் ‘எம் டெஸ்ட்’ என்று சேர்த்தால், அது ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் உண்மையான எச்சரிக்கை போகும் அதே வழியில் ஒரு சோதனை மெயில் போகும். இன்னொன்று க்ரானில்: திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு, டிஸ்க்கின் நிலையைச் சொல்லும் நான்கு வரி மெயில்.

“நல்லா இருக்குன்னு சொல்றதுக்கு எதுக்குப்பா வாராவாரம் மெயில்?”

“அது வராத திங்கட்கிழமை எனக்கு போன் பண்ணுங்க சித்தி.”